காஸ்பருக்கு ஒரு பெயர்

எல்லாம் அந்த எவுசேபியோவால் வந்த வினை. எங்கள் ஊரில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. குழந்தை ஏசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த மூன்று ராஜாக்களுக்காக ஜனவரி ஐந்தாம் தேதி சாயங்காலம் நடக்கிற ஊர்வலத்தில் வருஷா வருஷம் அவருக்குத்தான் காஸ்பர் ராஜா வேஷம். ஒட்டுத் தாடி, பச்சை வெல்வெட் அங்கி, கிரீடம் எல்லாம் நன்றாகவே பொருந்தும், அவர் வாயைத் திறக்காத வரைக்கும்.

போன வருஷம் ஊர்வலம் முடிந்து முனிசிபல் ஹாலில் பிள்ளைகள் வரிசையாக மேடையேறினார்கள். அவரவர் ராஜாவின் மடியில் உட்கார்ந்து, மறுநாள் விடிவதற்குள் என்ன பரிசு வீட்டில் வந்திருக்க வேண்டும் என்று காதில் சொன்னார்கள். என் மகள் ஹிமேனாவுக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய ராஜா காஸ்பர். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைத் தாடி மெல்ச்சோரையோ, பெரிய தலைப்பாகை பல்தசாரையோ பிடித்துக்கொள்ளும். நடுவில் நிற்கிற காஸ்பரைக் கேட்பார் கிடையாது. அதற்காகவே பரிதாபப்பட்டு இவள் அவரை எடுத்துக்கொண்டாள். அவள் குணம் அப்படி. பயபக்தியோடு மடியில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப் வேண்டும் என்றாள். காஸ்பர் கம்பீரமாகத் தலையை ஆட்டினார். அவள் இறங்கும்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

"அம்மாகிட்ட சொல்லு பாப்பா, சமையக்கட்டுக் குழாய்க்கு வாஷர் வந்துடுச்சு. வியாழக்கிழமை வர்றேன்."

நான் மேடைக்குக் கீழேதான் நின்றிருந்தேன். அவர் தாடியைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் குழாய் நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி படுக்கையில் ஹிமேனா கேட்டாள். "கிழக்கு தேசத்து ராஜாவுக்கு நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது எப்படிம்மா தெரியும்?"

"ராஜான்னா சும்மாவா? எல்லாம் தெரியும்."

"அப்போ வியாழக்கிழமை ராஜாவா வரப்போறாரு?"

வியாழக்கிழமை எவுசேபியோ வந்தார், விசிலடித்துக்கொண்டு, அதே கட்டைக் குரலில் வணக்கம் சொல்லிக்கொண்டு. ஹிமேனா சமையலறை வாசலில் நின்று அவர் வேலை முடிக்கிற வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு நான் அவசரமாக ஒரு கதை கட்டினேன்.

"இங்க பாரு, நம்ம ஊருக்கு வர்றவங்க ராஜாவோட ஆளுங்க. ஸ்பெயின்ல எத்தனை ஊர் இருக்கு, ஒரே சாயங்காலத்துல எல்லா ஊருக்கும் அவங்களே போக முடியுமா? அதான் ஆளுங்களை அனுப்புறாங்க. நிஜ ராஜாக்கள் தலைநகரத்துக்குத்தான் வருவாங்க. மாட்ரிட்டுக்கு."

அவள், "சரி, அடுத்த வருஷம் மாட்ரிட் போலாம்" என்றாள்.

பிள்ளைகள் மறந்துவிடும் என்று நினைப்பவர்கள் என் மகளைப் பார்த்ததில்லை. வருஷம் முழுக்க அவள் அதைப் பேசவில்லை. டிசம்பரில் பஸ் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"நான் என் பேரைச் சொல்ல மாட்டேன். கத்த மாட்டேன், கையாட்ட மாட்டேன். போலி காஸ்பருக்கே நம்ம வீட்டுக் குழாய் தெரிஞ்சிருந்துது. நிஜ காஸ்பருக்கு என் பேராவது தெரியணுமில்ல? அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா நம்புறேன். இல்லேன்னா இனிமே என்கிட்ட இந்தக் கதையைச் சொல்லாதே. நூன்யோகிட்டயும் சொல்லாதே. பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்வே?"

நூன்யோ அவள் தம்பி. ஐந்து வயது. ராத்திரி பரிசு கொண்டுவருகிற ராஜாக்களின் ஒட்டகங்களுக்கு ஜன்னலோரம் வாளியில் தண்ணீர் வைக்கும்போது, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் ஒட்டகத்துக்குத் தொண்டை கட்டும் என்று வெந்நீர் கலக்கச் சொல்கிற பிள்ளை. மூத்தது நம்பிக்கையை விட்டால் இளையதுக்கும் அன்றைக்கே போய்விடும். ஒரே வீட்டில் அதை மறைத்து வைக்க முடியாது.

ராஜாவும் இல்லை ஒன்றும் இல்லை, பரிசு வைப்பது அப்பா அம்மாதான் என்று எனக்கு ஆறு வயதில் என் பெரியப்பா மகன் போட்டு உடைத்தான். மாதா கோயிலுக்குப் போகிற வழியில், வேர்க்கடலை தின்றுகொண்டே, அலட்சியமாக. இன்றுவரை அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மொய் வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் வந்துவிடுவேன். ஹிமேனாவுக்கும் ஒருநாள் தெரியத்தான் போகிறது. தெரியட்டும். ஆனால் எவுசேபியோவின் வாஷரால் தெரிய வேண்டாம் என்று இருந்தது.

என் வீட்டுக்காரன் ஃபெர்மினிடம் சொன்னேன். அவன் பெயிண்டர். சோரியா ஜில்லாவில் பாதிச் சுவர்கள் அவன் கைப்பட்டவை. எதைச் சொன்னாலும் முதலில் சாமான்களைப் பற்றித்தான் யோசிப்பான்.

"மாட்ரிட்ல பிள்ளைங்களை ஏணி மேல ஏத்தித்தான் ஊர்வலம் காட்டுவாங்களாம். நம்மளும் ஏணி கொண்டுபோகணும்."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே? பேருக்கு என்ன வழின்னு சொல்லு."

"பேருக்கு வழி தெரியல. ஏணிக்குத் தெரியும்" என்றான்.

கொட்டகையிலிருந்து அவனிடம் இருப்பதிலேயே உயரமான ஏணியை எடுத்தான். இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்கிற மர ஏணி. ஊரிலுள்ள வீடுகளின் வர்ணமெல்லாம் அதில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருக்கும். பஸ் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மாட்ரிட்ல பெயிண்டருங்க தீந்துட்டாங்களா?" என்றார். ஃபெர்மின் விஷயத்தைச் சொன்னான். டிரைவர் முகம் உடனே மாறிவிட்டது. ஏணியைச் சாமான் அறையில் குறுக்காகச் செருக அவரே கைகொடுத்தார். பிறகு நூன்யோவுக்கு முன்னால் குனிந்தார்.

"நேத்து அல்மசான் தாண்டி வரேன், ரோட்டு நடுவுல மூணு ஒட்டகம். ஹார்ன் அடிச்சேன், அடிச்சேன், நகரவே மாட்டேங்குது."

நூன்யோ வாயைப் பிளந்தான். ஹிமேனா, "என்ன நிறம்?" என்று கேட்டாள், போலீஸ்காரி மாதிரி.

"ஒண்ணு வெளிறின நிறம், ரெண்டு செம்பழுப்பு. வெளிறினது கொஞ்சம் நொண்டுச்சு" என்றார் டிரைவர், கண்ணைக்கூட இமைக்காமல்.

மாட்ரிட்காரர்களைப் பற்றி எனக்கு அதுவரைக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆகஸ்டில் எங்கள் ஊருக்கு வந்து வீடு வாடகைக்கு எடுப்பார்கள். வந்த மறுநாளே மாதா கோயில் மணியை ராத்திரியில் நிறுத்தி வைக்க முடியுமா என்று முனிசிபாலிட்டியில் போய்க் கேட்பார்கள். வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஊரில் லட்சக்கணக்கான முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவே, ராஜா வேஷம் போட்ட யாரோ ஒரு மனிதன் என் மகளின் பெயரை எப்படிச் சொல்வான்? வழி நெடுக இதே யோசனை.

மெட்ரோ நிலையத்தில் ஏணியோடு விடமாட்டார்கள் என்று சண்டைக்குத் தயாராகப் போனேன். வாசலில் நின்ற சிப்பந்தி ஒன்றும் கேட்காமல் அகலமான கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பார்த்தால் ரயில் பெட்டி முழுக்க ஏணிகள். அலுமினிய ஏணி, சமையலறை ஏணி, நூலகத்தில் இருக்கிற மாதிரி சக்கரம் வைத்த ஏணி. டை கட்டிய மனிதர்களும், லிப்ஸ்டிக் போட்ட பெண்களும் ஆளுக்கொரு ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்களுடையதைப் பார்த்து எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு தலைநகரமே வேலையைப் போட்டுவிட்டு, தன் பிள்ளைகளை நாலடி உயர்த்துவதற்காக ஏணி தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தது.

இறங்குகிற இடத்தில் ஹிமேனா டிக்கெட் பரிசோதகரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ராஜாக்களை நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்னம்மா? காலையில இந்த வழியாத்தான் போனாங்க. டிக்கெட்டும் எடுக்கல ஒண்ணும் எடுக்கல. ராஜான்னா என்ன கேக்க முடியும், சொல்லு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். மத்தியானம் கணவாய் வறுவல் வைத்த ரொட்டி தின்ற கடையிலும் இதே கதை. பரிமாறுகிறவர், போன வருஷம் பல்தசாரின் ஒட்டகத்தைப் பின்கட்டில் கட்டி வைத்ததாகவும், இன்றைக்கும் காபிப்பொடியில் ரோமம் கிடப்பதாகவும் நூன்யோவிடம் புகார் சொன்னார். இத்தனைக்கும் யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஒருவரும் கண்ணடிக்கவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் நான் ஒருத்தியிடம் ரகசியம் சொன்னால் சாயங்காலம் அது எனக்கே திரும்பி வரும், இரண்டு சரடு கூடச் சேர்த்துக்கொண்டு. இவ்வளவு பெரிய நகரத்தில், பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே பொய்யைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டெலிவிஷனில் செய்தி வாசிக்கிற பெண்கூட ராஜாக்கள் வந்து சேர்ந்துவிட்டதாக, மந்திரிசபைச் செய்தி வாசிக்கிற அதே முகத்தோடு வாசித்தாள். இதைப் பார்த்து மரியாதை வராமல் என்ன செய்யும்?

ஊர்வலம் போகிற காஸ்தெயானா சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஓரம் முழுக்க ஏணிகள் வரிசை கட்டியிருந்தன. சாலை அவ்வளவு அகலம். இரண்டு பக்கத்து மரங்களிலும் கட்டடங்களிலும் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. நூன்யோ அண்ணாந்து பார்த்ததில் அவன் சிவப்புத் தொப்பி மூன்று தடவை பின்னால் விழுந்தது. ஃபெர்மின் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து ஏணியை விரித்தான். அது மற்ற எல்லா ஏணிகளையும்விட ஒரு ஆள் உயரம் அதிகமாக நின்றது.

"அடியம்மா! என்னது இது, கோபுரத்துக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?"

இடது பக்கத்து ஏணிக்காரி. ஐம்பது வயதிருக்கும். தோல் ஜாக்கெட், கரகரத்த குரல். அவள் ஏணி மேல் காகிதக் கிரீடத்தோடு ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"மறைச்சா சொல்லுங்க, நகத்துறோம். கிண்டல் வேண்டாம்" என்றேன்.

"கோவத்தைப் பாரு! எந்த ஊரு கண்ணு?"

"சோரியா."

"அதானே பாத்தேன், குளிருக்குப் பேர்போன ஊரு. நாங்கல்லாம் விறைச்சுப் போய் நிக்கறோம், நீ கோட்டுக்குப் பித்தான்கூடப் போடல. உன் புருஷன்கிட்ட சொல்லு, அந்த ஏணி சரிஞ்சா மூணு ராஜாவும் காலி. அப்புறம் நாளைக்கு நாடு பூரா பிள்ளைங்க அழும்."

"அவர் பெயிண்டர். அவர் வச்ச ஏணி சரியாது."

"பெயிண்டரா? எங்க வீட்டு ஹாலைப் பாக்கணுமே அவரு" என்று சொல்லி, நான் பதில் தேடுவதற்குள் என் கையில் ஒரு துண்டு வளையப் பன்னைத் திணித்தாள். பெயர் காசில்தா, டாக்சி ஓட்டுகிறவள். மகன் பெயர் லோப்பே. போகிற வருகிற போலீஸ் குதிரைகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளைப் பிடிக்காமல் இருக்க நான் ரொம்பப் பிரயத்தனப்பட்டேன்.

ஹிமேனா ஏணியின் உச்சிப் படியில் பச்சைக் கோட்டோடு நேராக நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. நூன்யோ அப்பா தோளில். இருட்டியதும் தூரத்தில் எக்காளம் கேட்டது. இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் நகர்ந்து வந்தது. நட்சத்திரம் ஏந்தியவர்கள், நெருப்பு ஊதுகிறவர்கள், கட்டடம் உயரத்துக்கு ஒரு காகிதத் திமிங்கிலம். நான் எதற்கும் வாயைப் பிளக்கக் கூடாது என்றிருந்தேன். திமிங்கிலம் தலைக்கு மேல் வாலைத் திருப்பியபோது பிளந்துவிட்டேன்.

பிறகு மெல்ச்சோர் வந்தார். வெள்ளைத் தாடி, தங்க ரதம். எல்லாப் பிள்ளைகளும் கத்தின. அவர் எல்லாருக்கும் கையாட்டினார், எங்களைப் பார்க்காமலே கடந்து போனார். நான் மேலே பார்த்தேன்.

"பரவால்ல. அவர் என்னோட ராஜா இல்ல. காஸ்பர் வரட்டும்" என்றாள் ஹிமேனா. குரல் லேசாக நடுங்கியது. அப்போதுதான் புரிந்தது. அவள் எங்கள் பொய்யைக் கண்டுபிடிக்க வரவில்லை. நம்பத்தான் வந்திருந்தாள். அதற்கு ஒரே ஒரு காரணம் கொடுங்கள் என்று இவ்வளவு தூரம் வந்து, ஏணி உச்சியில் ஏறி நின்றிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேறு யாரிடம் போவேன்? காசில்தாவின் தோள் பக்கம் சாய்ந்து, மேலே கேட்காத குரலில், குழாயிலிருந்து ஆரம்பித்துக் கொட்டிவிட்டேன். கிண்டல் செய்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கையிலிருந்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தாள்.

"பேரு?"

"ஹிமேனா."

"வயசு?"

"ஒன்பது."

"காஸ்பர்தானே? நல்ல வேளை. பல்தசார்னா க்யூ நிக்கும்."

அவ்வளவுதான். அவள் இடது பக்கம் திரும்பி, அடுத்த ஏணியைப் பிடித்திருந்த மீசைக்காரரின் கையைத் தட்டினாள். ஆபீஸிலிருந்து நேராக வந்தவர் போல கோட்டும் டையும் போட்டிருந்தார்.

"ஹிமேனா. ஒன்பது வயசு. பச்சைக் கோட்டு, பெயிண்டர் ஏணி உச்சியில. காஸ்பருக்கு."

யார், எதற்கு என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு இடது பக்கம் திரும்பினார். அங்கே பள்ளிப் பிள்ளைகளோடு வந்த ஒரு கன்னியாஸ்திரீ. அவர் காது கொடுத்துக் கேட்டு, அடுத்து நின்ற, மூக்கிலும் காதிலும் வளையம் மாட்டிய இளைஞனிடம் சொன்னார். அவன் கையைக் குவித்து அடுத்தவரிடம் சொன்னான். அதற்கப்புறம் எனக்குத் தெரியவில்லை. நான் குள்ளம். முன்னால் கோட்டுகளும் முதுகுகளும்தான்.

"போய்ச் சேருமா?" என்று கேட்டேன்.

"இந்த ஊர்ல நல்ல டாக்டர் பேரு போகாது, பார்க்கிங் காலியா இருக்கிற இடம் போகாது. இது போகும்" என்றாள் காசில்தா. அவளும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஸ்பரின் ரதம் வந்தது. நீல வெளிச்சம், சுற்றி விளக்கு ஏந்திய பணியாட்கள். பிள்ளைகள் கூட அவருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கத்தினார்கள். ரதம் எங்களுக்கு நேரே வந்தது. அவர் சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். நான் ஃபெர்மினின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு தாண்டிவிடுவார் போலிருந்தது. திடீரென்று திரும்பினார். எதையோ தேடுகிற மாதிரி ஏணிகளின் மேல் கண்ணை ஓட்டினார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் சாலை முழுக்கக் கேட்டது.

"ஹிமேனா! பச்சைக் கோட்டு ஹிமேனா! அவ்வளவு பெரிய ஏணி மேல நிக்கிறியே, உன்னைத்தான்மா! ராத்திரி சீக்கிரம் படுத்துக்கணும், தெரிஞ்சுதா? முழிச்சிருந்தா நான் வர மாட்டேன்!"

எங்கள் வரிசையில் எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. மீசைக்காரர் டையைச் சுழற்றினார். கன்னியாஸ்திரீ குதித்தார். காசில்தா என்னைக் கட்டிப் பிடித்து, என் காதுக்குள்ளேயே விசிலடித்தாள். ஃபெர்மின் எங்கோ பார்த்து மூக்கை உறிஞ்சினான். முன்பின் தெரியாத அத்தனை பேர் என் பிள்ளைக்காக இதைச் செய்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மாட்ரிட்காரர்கள் எங்கள் ஊர் மணியை மட்டுமில்லை, கோயிலையே நிறுத்தி வைக்கச் சொன்னாலும் அன்றைக்குச் சரி என்றிருப்பேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். ஹிமேனா ராஜாவைப் பார்க்கவில்லை.

அவள் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காஸ்பர் வந்த வழியை. சாலையோரம் நெடுக, விளக்கு வெளிச்சத்தில், ஏணி ஏணியாக அவள் கண் போய்க்கொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. கட்டியிருந்த கைகள் தொங்கிப் போயிருந்தன. சந்தோஷத்தில் திகைத்துவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான், எனக்கு முதுகுகள் மறைத்ததெல்லாம் அவளுக்கு மறைக்கவில்லை என்பது உறைத்தது. அந்தச் சாலையிலேயே உயரமான இடத்தில் அவள் நின்றிருந்தாள்.

"எனக்கு?" என்று நூன்யோ அப்பா தோளிலிருந்து அழ ஆரம்பித்தான். "பல்தசாருக்கு என் பேரு தெரியுமா? அக்கா பேரு மட்டும் தெரியுமா? எனக்குத் தெரியாதா?"

"தெரியும்டா, தெரியும்" என்றான் ஃபெர்மின் பரிதாபமாக. பல்தசாரின் எக்காளம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் காசில்தா பக்கம் திரும்பினேன். இன்னொரு முறை எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. எத்தனை பேரைத்தான் தொந்தரவு செய்வது?

எனக்கு முன்னால் ஹிமேனா இறங்கி வந்துவிட்டாள். பாதி ஏணியில் நின்று ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வளைத்துக் காசில்தாவின் காது வரைக்கும் குனிந்தாள். இன்னொரு கையை வாயோரம் குவித்துக்கொண்டாள், அந்த இளைஞன் செய்த மாதிரியே.

"நூன்யோ. அஞ்சு வயசு. சிவப்புத் தொப்பி, அப்பா தோள் மேல. பல்தசாருக்கு."

காசில்தா அப்படியே நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். ஹிமேனா பொறுமையிழந்து, "சீக்கிரம், ரதம் வந்துட்டிருக்கு" என்றாள்.

"ஆகட்டும்" என்று காசில்தா மீசைக்காரர் பக்கம் திரும்பினாள்.

என் மகள் மறுபடி உச்சிக்கு ஏறிக்கொண்டாள். பெயர் போகிற திசையைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். எங்கோ ஓரிடத்தில் அது தங்கிவிட்டது போலிருக்கிறது. கால்விரலில் எக்கி நின்று உதட்டைக் கடித்தாள். பிறகு அது நகர்ந்திருக்க வேண்டும். மூச்சை விட்டாள். எனக்கு அவளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒரே சமயத்தில் எதையோ பறிகொடுத்த மாதிரியும், அதைவிடப் பெரிதாக ஏதோ கைக்கு வந்த மாதிரியும் இருந்தது. வலித்தது, பெருமையாகவும் இருந்தது.

பல்தசார் ரதத்தில் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, "நூன்யோ எங்கே? என் சிவப்புத் தொப்பி நூன்யோ எங்கே?" என்று கூப்பிட்டார். நூன்யோ அப்பாவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் ஃபெர்மினுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. மிட்டாய்கள் மழையாக விழுந்தன. லோப்பே கிரீடத்தைக் கழற்றி அதில் மிட்டாய் பிடித்தான். நூன்யோ விக்கி விக்கி அழுதான், சந்தோஷத்தில்.

"அக்கா! அவருக்கு என் பேரு தெரியுது அக்கா! தொப்பிகூடத் தெரியுது!"

"தெரியாம பின்னே? அவர் ராஜாடா" என்றாள் ஹிமேனா.

கூட்டம் கலைந்ததும் அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். நான் கையை நீட்டினேன். பிடிக்கத் தேவையில்லாமலே இறங்கினாள். கடைசிப் படியில் நின்றபோது அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. தம்பி கேட்கிற தூரத்தில் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதம்மா. சின்னப் பையன்."